கருந்துலிப்பும் மிளகும்

பிரெஞ்சு ஆசிரியர் அலெக்சாந்தர் தூமா 1850-இல் வெளியிட்ட ‘கருந்துலிப்’, வரலாறும் காதலும் செடிநூலும் ஒருங்கு பின்னிய புதினம். 1672 ஆகஸ்டு 20-ஆம் நாள், ஆலந்து நாட்டின் ஹேக் நகரில், தெ விட் உடன்பிறந்தார் இருவர் மக்கள் திரளால் கொல்லப்பட்டனர். அவ்வுண்மை நிகழ்ச்சியே கதையின் தோற்றுவாய். கரிய துலிப் மலரை விளைவிப்போர்க்கு 100,000 புளோரின் பரிசு என்பது கதையை நடத்தும் கற்பனை.

நம் இலக்கணத்தார் பூவைக் கருப்பொருளுள் அடக்கினர். உரிப்பொருளுக்குத் துணைநிற்பதே அதன் பணி. தூமாவோ பூவைத் தலைவிக்கு எதிரே நிறுத்துகின்றார். தலைவன் வான் பேர்லே தன்னினும் மலரையே மிகுதியும் விரும்புகின்றான் எனச் சிறைக்காவலன் மகள் ரோசா ஊடுகின்றாள். ஊடியவளே அதன் கிழங்கை மறைவில் நட்டு வளர்க்கின்றாள். அவன் அவளுக்கு எழுத்தறிவிக்கின்றான். நூலின் சிறந்த பகுதி இதுவே.

தலைவன் குற்றமற்றவன் என்பதே கதையின் அச்சாணி. தன் ஞானத்தந்தை கொர்னேலிசு தெ விட் எழுதி விடுத்த ஏட்டைப் படியாமலே கிழங்குகளைச் சுற்றி வைக்கின்றான். அவ்வேடே இறுதியில் அவனை மீட்கின்றது. தோட்டம் தூயது, அரசியலே கொடியது என்பது ஆசிரியர் கருத்து.

அத்தோட்டத்தின் முதல் யாது? தந்தை கீழை நாட்டு வாணிகத்தில் ஈட்டிய பெரும்பொருள் என ஓரிடத்தில் கூறி ஆசிரியர் கடந்து செல்கின்றார். அவ்வாணிகம் எத்தகையது? 1602-இல் தோன்றிய ஆலந்து வாணிகக் குழு, சாதிக்காயைத் தனியுரிமையாக்க 1621-இல் பாண்டாத் தீவுகளைக் கைப்பற்றியது. தீவினருள் பெரும்பாலோர் மாண்டனர், அன்றி அடிமையாயினர், ஓடினர். மிளகின்பொருட்டுக் கொச்சி 1663-இல் அக்குழுவின் வசமாயிற்று. வான் பேர்லே சிறையில் மலர் வளர்த்ததாகக் கூறப்படும் அதே காலத்தை ஒட்டி, மலையாள நாட்டில் அக்குழுவின் ஆளுநரான வான் ரீடு செடிகளைத் தொகுப்பித்தார். இட்டி அச்சுதன் முதலிய நாட்டறிஞர் அறிவைக் கொண்டெழுந்த ‘மலபார்த் தோட்டம்’ என்னும் இலத்தீன் நூல், 1678 முதல் 1693 வரை பன்னிரு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. ஆகவே, அந்நாளைய செடிநூல் வாணிகத்தின் உடன்பிறப்பு. மதிலகத்துப் பூ மட்டுமன்று.

காதற்கதைக்கு இவையெல்லாம் வேண்டுமோ எனின், கதையை வரலாற்றுக் கொலையிற் தொடங்கியவர் தூமாவே. ஒரு குருதியைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் வரலாற்றுப் புதினத்திற்குக் குறையே. இதனால் ரோசாவின் காதல் மங்குவதில்லை; தலைவனின் தூய்மையே மங்குகின்றது. வரலாற்றுப் புதினத்தை ஆராய்வோர், கதைமாந்தர் செய்வதோடு அவர் எதனால் வாழ்கின்றனர் என்பதையும் வினவுதல் வேண்டும்.