விழுங்க முடிந்தவருக்கு ஊசி எதற்கு?

"ஊசி போட்டாத்தான் கேக்கும்." காய்ச்சலோடு கிளினிக்குக்கு வருபவர்கள் இன்றும் இப்படித்தான் சொல்கிறார்கள். மருந்து செலுத்தும் வழிகளைப் படிக்கும் செவிலிய மாணவர்கள் இந்தப் பேச்சைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தசையில் போடும் பாராசிட்டமால் 2 மில்லி ஆம்பூலில் வழக்கமாக இருப்பது 300 மில்லிகிராம். மெடிக்கலில் வாங்கும் மாத்திரையிலோ 500 அல்லது 650. விழுங்கினாலும் அதில் பெரும்பகுதி ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. அப்படியிருக்க ஊசியால் கூடுதலாகக் கிடைப்பது வலி, சீழ்க்கட்டிக்கான வாய்ப்பு, இடுப்பில் இடம் தவறினால் சியாட்டிக் நரம்பு அடிபட்டுப் பாதம் தொங்கிப்போகும் அபாயம்.

ஊசியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். இன்சுலினை விழுங்கினால் செரித்துப்போகும். அதனால் வழக்கமாகத் தோலடியில் போடுகிறோம். கடும் ஒவ்வாமையில் தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் போடத் தாமதித்தால் உயிர் போகும். சிரையில் போடும் ஊசியின் வேகத்துக்கு ஈடில்லை, ஆனால் உள்ளே போனதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் நேரே செலுத்தினால் இதயம் நின்றுவிடும்.

வாய்வழிக்கும் குறைகள் உண்டு. நைட்ரோகிளிசரினை விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். நாக்குக்கு அடியில் வைத்தால் சில நிமிடங்களில் வேலை செய்யும். நெஞ்சுவலிப் பதற்றத்தில் நோயாளி அதைத் தண்ணீரோடு விழுங்கிவிடாமல் பக்கத்தில் நின்று பார்ப்பது செவிலியரின் பொறுப்பு. நாள் முழுக்கச் சிறிது சிறிதாக மருந்தை வெளிவிடும் மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாயில் ஊற்றினால், முழு அளவும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். இது வார்டில் எளிதாக நடக்கக்கூடிய தவறு.

ஆனாலும் எளிய வழியைக் குறைத்து எடைபோடுகிறவர்கள் 1971-ஐ நினைத்துப் பார்க்கட்டும். வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சலைன் போதாமல் போனது. டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். பல நோயாளிகளுக்கு ஊட்டியவர்கள் உறவினர்களே. நூற்றுக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அவருடைய சிகிச்சையில் இறப்பு 4-க்கும் கீழே இறங்கியது.

நாளை வார்டில் ஊசி எழுதிய சீட்டு உங்கள் கைக்கு வரும்போது, அந்த நோயாளி கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தால், "மாத்திரையாக மாற்றலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.