சாம்பல் பூசிய உண்மை

ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘தி லாஸ்ட் டூயல்’ (2021) பெண்கள் பார்க்க வேண்டிய படம். 1386இல் பிரான்சில், தன்னை வல்லுறவு செய்தவன் இன்னார் என்று பெயர் சொன்ன மார்கரீத்தின் வழக்கு அது. கணவன் ஒற்றைச் சண்டையில் தோற்றால், பொய் சொன்னவள் என்று அவளை உயிரோடு எரிப்பார்கள். படம் அவள் சொல்லை நம்புகிறது. அவள் வாழ்ந்த உலகின் நிறத்தை மட்டும் நம்பவில்லை.

திரையெங்கும் சாம்பலும் மங்கிய நீலமும்தான். அந்தச் சண்டையை நேரில் பார்த்த அரசன் ஆறாம் சார்லஸ். அவனுடைய சித்தப்பா பெர்ரி கோமகனுக்காகச் சுமார் 1412–16இல் வரையப்பட்ட பிரார்த்தனை நூலில், வைக்கோல் வாரும் குடியானவப் பெண்கூட நீல உடையில் இருக்கிறாள். கோமகனை மகிழ்விக்க வரைந்த ஓவியம்தான். ஆனால் சாயம் கற்பனையல்ல. வோட் இலை நீலம் தந்தது. மஞ்சிட்டி இனத்து வேர் சிவப்பு தந்தது. வெல்ட் செடி மஞ்சள் தந்தது. அந்தத் துணிகளுக்கு நூல் நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். திரையில் நிறத்தைக் கழுவும்போது அவர்கள் உழைப்பும் சேர்ந்தே கழுவப்படுகிறது.

நாயகனின் முகம் தெரிய வேண்டுமென்று தலைக்கவசத்தைப் பாதியாக வெட்டிய படம் இது. நட்சத்திரத்துக்காக வரலாறு வளையலாம் என்றால், சாம்பலை மட்டும் ‘யதார்த்தம்’ என்று எப்படிச் சொல்வது?

சாம்பல் நமக்கு ஆறுதல் தருகிறது: அது இருண்ட காலம், நாம் கடந்து வந்துவிட்டோம் என்று. மார்கரீத்தைச் சந்தேகித்தவர்களோ சாயமேற்றிய நல்லுடை உடுத்திய கனவான்கள். அந்த நிறங்களோடு பார்த்தால், அவர்களை நமக்கு நன்றாகவே தெரியும்.