‘எனலாம்’ என்றொரு சொல்

ஆய்வேடுகளில் எனக்குப் பிடித்த சொல் ‘எனலாம்’. ‘இப்பாடல் பிற்காலத்தது’ என்பது தீர்ப்பு. ‘பிற்காலத்தது எனலாம்’ என்பதோ சான்றுகளை மேசைமேல் பரப்பிவிட்டு அரை அடி தள்ளி நிற்பது. மறுக்க வருபவருக்கும் ஒரு நாற்காலி போட்டாயிற்று.

‘நான் நினைக்கிறேன்’ என்று எழுதினால் பேச்சு என்னைப் பற்றியதாகிவிடும். ‘எனலாம்’ என்றால், அதே சான்றுகளைப் பார்க்கும் எவரும் அந்த முடிவுக்கு வந்து சேரலாம். ‘என்ப’, ‘மொழிப’ என்று முன்னோர் கருத்தாகச் சொல்லிச் சென்ற தொல்காப்பியரின் நடைக்கு இது பேத்தி முறை. கரிமக் காலக்கணிப்பில் ஆண்டுக்குப் பக்கத்தில் நிற்கும் கூட்டல்-கழித்தல் குறியும் உறவுதான்: எவ்வளவு தெரியும், எதுவரை பிசகலாம் என்பதை அதுவும் ஒளிப்பதில்லை.

ஆனால் உப்பைப் போல அளவு வேண்டும். வரிக்கு வரி தூவினால், ‘மதுரை வைகைக் கரையில் உள்ளது எனலாம்’ என்று வந்து நிற்கும். உறுதியானதற்கு ‘ஆகும்’, சான்று பாதி வழிதான் வருகிறதென்றால் ‘எனலாம்’, அதுவும் இல்லையென்றால் மௌனம். இந்தப் பக்குவம் தெரிந்த கையில் வறண்ட ஆய்வுநடையும் ருசிக்கும்.