முக்காடும் மைக்கும்

நெல்லைப் பக்கத்தில் நான் வளர்ந்த சபையில், ஞாயிறு ஆராதனையின் நடுவே சாட்சி நேரம் உண்டு. ஒருநாள் ஓர் அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். பீடி சுற்றிக் காய்த்துப்போன விரல்கள் மைக்கை இறுக்கிப் பிடித்திருந்தன. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கி, வீட்டுக்காரரின் குடிக்காக மூன்று வருஷமாக உபவாசம் இருப்பதைச் சொன்னார். "இன்னும் நிறுத்தல. நேத்தும் அடிச்சாவ" என்றார். "ஜெபிப்போம் சிஸ்டர்" என்று ஒரு மூப்பர் மைக்கை வாங்கிக்கொண்டார். உடனே பாட்டு தொடங்கிவிட்டது.

சாட்சி சொல்லும் வழக்கத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் எழுந்து தன் வாழ்க்கையைத் தன் வாயால் சொல்ல, அந்த அக்காவுக்கு ஊரில் வேறெங்கும் இடம் இருந்ததில்லை. வேதாகமத்தை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுத்துக்கூட்டிப் படித்த பெண்களை அங்கே பார்த்திருக்கிறேன். 1778இல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற கைம்பெண்தான் பாளையங்கோட்டையில் முதல் ஆலயம் எழக் காரணமானவர். பெண்களின் உழைப்பு இல்லாமல் அந்த மண்ணில் சபை வளரவில்லை.

ஆனால் சாட்சிக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது: கஷ்டம் வந்தது, ஜெபித்தேன், ஜெயம் கிடைத்தது. முடிந்துபோன துன்பத்துக்கு மட்டுமே அதில் இடம். நேற்று அடி வாங்கியவளுக்குச் சாட்சியே கிடையாது. அவள் விசுவாசத்தில்தான் குறை என்று பின்வரிசையில் பேச்சு எழும். பேச வைத்த அதே வழக்கம், எதைப் பேசலாம் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது.

பிரசங்கம் என்றால் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 2:12ஐக் காட்டி, பெண் உபதேசிக்கக் கூடாது என்கிறார்கள். பெண்களின் முக்காட்டுக்கு ஆதாரமாகக் காட்டும் வசனமோ முதல் கொரிந்தியர் 11:5. சபையில் பெண் ஜெபிப்பாள், தீர்க்கதரிசனம் சொல்வாள் என்று எடுத்துக்கொண்டே பவுல் அங்கே பேசுகிறார். துணியை எடுத்துக்கொண்டு வாயை விட்டுவிட்டோம். மொழிபெயர்ப்பும் கொஞ்சம் துணைபோனது. கிரேக்கத்தில் ஒரே சொல்; பழைய தமிழ் வேதாகமத்தில் பெபேயாள் என்ற பெண்ணுக்கு அது 'ஊழியக்காரி' ஆகிறது, பிலிப்பியர் நிருபத்தில் கண்காணிகளோடு சேர்ந்து வருகையில் சபைப் பொறுப்பாகிய 'உதவிக்காரர்' ஆகிறது.

தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்கிறது; 2013இல் புஷ்பலலிதா பேராயரானார். நான் அறிந்த சுயாதீன சபைகளிலோ பாஸ்டரம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் குரல், அதுவும் கணவர் வழியாக. பெண்களுக்கு உதவ நினைக்கும் சபை வேதபாடம் நடத்தும் பொறுப்பை அவர்களிடம் தரட்டும், கமிட்டியில் ஓட்டு தரட்டும். வீட்டில் அடி விழுந்தால் பாஸ்டர் குடும்பத்தைத் தாண்டிப் போய்ச் சொல்ல ஓர் ஆளையும் ஏற்படுத்தட்டும். சபை பெயர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள், அடி வாங்குகிறவளின் உடம்புக்காகவும் பயப்பட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து அந்த அக்கா மறுபடி மைக் பிடித்தார். மகள் பத்தாம் வகுப்பு தேறியதற்கு ஸ்தோத்திரம் சொன்னார். வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாரும் சத்தமாக "ஆமென்" என்றோம்.