ஊழி வாராத உலகம்: ‘ரக்னராக்’ கணினி விளையாட்டு – ஒரு திறனாய்வு

கதை கேளாத இனம் உலகில் இல்லை. கதை சொல்லும் வாயும் கேட்கும் இடமும் காலந்தோறும் மாறி வந்துள்ளன. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வாசலும் கோவில் திருவிழா மேடையும் கதைக்குரிய இடங்களாக விளங்கிய காலம் ஒன்று இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளாகியும் போனபின், அங்கு மரம் வெட்டியோரின் பேரப்பிள்ளைகள் பலர் ஈப்போவின் புந்தோங்கிலும் நகரைச் சூழ்ந்த தாமான்களிலும் வளர்ந்தனர். 2000ஆம் ஆண்டை அடுத்த பத்தாண்டில் அவர்களுக்கு வாய்த்த புதிய கதைக்களம் இணைய நிலையம். கடைவீட்டு மாடியில், வரிசை வரிசையாகக் கணினிகள் வைத்து, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிய இடம் அது. அங்கு மலேசியச் சிறுவர்கள் இனவேறுபாடு பாராது கூடி ஆடிய ஆட்டங்களுள் ஒன்று ‘ரக்னராக் ஆன்லைன்’.

விளையாட்டைத் திறனாய்வுக்குப் பொருளாக்குதல் தகுமோ என வினவுவார் உளர். திரைப்படம் புதிதாக வந்த நாளில் அதற்கும் இவ்வினா எழுந்தது. ஒரு மாணவன் தன் பாடநூலுக்குத் தராத நேரத்தை ஒரு கதையுலகிற்குத் தருகிறான் என்றால், அக்கதையுலகு அவனுக்கு எதைக் கொடுக்கிறது, எதைக் கொடாமல் விடுகிறது என ஆராய்தல் இலக்கியம் கற்பிப்போரின் கடனே ஆகும்.

மூலக்கதை

‘ரக்னராக்’ என்பது பழைய நார்டிக் மொழிச் சொல். கடவுளரின் இறுதி விதி என்பது அதன் பொருள். தமிழில் ஊழி எனலாம். ஸ்காண்டிநேவிய நாடுகளில் கிறித்தவம் பரவுவதற்கு முன் வழங்கிய தொன்மக் கதைகளின் உச்சம் இது. கடவுளர் தலைவனாகிய ஓடின், ஒருநாள் பேரோநாய் தன்னை விழுங்கும் என்பதை முன்னரே அறிவான். அறிந்தும் அவன் ஓடி ஒளியவில்லை. போர்க்களத்தில் மாண்ட வீரர்களை வால்கிரி என்னும் கன்னியர் வழியாகத் தன் மண்டபமாகிய வல்ஹாலாவிற்கு அழைத்துக்கொள்கிறான். அவ்வீரர்கள் நாள்தோறும் தம்முள் பொருது வீழ்ந்து, மாலையில் உயிர்பெற்றெழுந்து விருந்துண்பர். இப்பயிற்சியனைத்தும் இறுதிப் போருக்காக. அப்போரில் ஓடின் மாள்வான். அவன் மகன் தோர், உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பைக் கொன்று, ஒன்பதடி நடந்து, அதன் நஞ்சால் வீழ்வான். நெருப்பு உலகை உண்ணும். நிலம் கடலில் மூழ்கும்.

தோற்போம் எனத் தெரிந்தும் நிற்றல் என்பதே இக்கதையின் உயிர்நிலை. பெருங்கற்றல் இல்லாதவரும் இதனை உணர்வர். முடிவு தெரிந்த பின்னும் கடமை தவறாத மாந்தரை எல்லா மொழி இலக்கியமும் போற்றியுள்ளது.

இது தமிழர்க்கு முற்றிலும் அயலான உணர்வும் அன்று. போரிற் படாது நோயால் இறந்த மன்னரைத் தருப்பைப் புல்லிற் கிடத்தி, வாளால் போழ்ந்து, வீரர் செல்லும் உலகிற்கு அனுப்பிய வழக்கத்தைப் புறநானூற்றில் அதியமானைப் பாடும் ஔவையார் குறிப்பிடுகிறார். ஸ்னோரி ஸ்டர்லூசன் என்னும் ஐஸ்லாந்து ஆசிரியர் எழுதிய அரசர் வரலாற்றிலோ, படுக்கையில் சாகும் தறுவாயிலிருந்த ஓடின், ஈட்டி முனையால் தன் உடலில் குறியிடச் செய்துகொண்டான் எனக் காண்கிறோம். ஒருவரையொருவர் அறியாத இரு நிலங்கள் நோய்ச்சாவை நாணி, விழுப்புண்ணை விரும்பின. ஈப்போ மாணவன் ஒருவனுக்கு வல்ஹாலாவை விளக்க வேண்டுமாயின், நடுகல்லிலிருந்தே தொடங்கலாம்.

விளையாட்டின் அமைப்பு

‘ரக்னராக் ஆன்லைன்’ தென் கொரியாவின் கிராவிட்டி நிறுவனத்தால் 2002இல் வெளியிடப்பட்டது. லீ மியோங்-ஜின் என்னும் கொரியச் சித்திரக்கதை ஆசிரியரின் ‘ரக்னராக்’ தொடரே இதற்கு அடிப்படை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகிற் புகுந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் வகையைச் சேர்ந்தது. தொடக்கநிலையாளனாகப் புகுபவன் வாள்வீரன், மந்திரவாதி, வில்லாளி, இறைப்பணியாளன், வணிகன், திருடன் என்னும் ஆறு தொழில்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்வான். பிராணிகளையும் பூதங்களையும் வென்று அனுபவப் புள்ளிகள் சேர்ப்பான். புள்ளிகள் நிறைய நிறைய அவன் நிலை உயரும், தொழிலும் உயரும்.

நயங்கள்

இவ்விளையாட்டின் முதல் நயம் கூட்டுறவு. ஒருவன் எவ்வளவு வலியனாயினும் தனித்துச் செல்லுதற்கரிய குகைகள் இதில் உண்டு. அடிபடுபவன் ஒருவன், ஆற்றுபவன் ஒருவன், தொலைவிலிருந்து எய்பவன் ஒருவன் எனக் கூடிச் செல்ல வேண்டும். களைத்தவர் தரையில் அமர்ந்தால் வலிமை விரைந்து மீளும். ஆகவே ஊர்ச் சதுக்கங்களிலும் மரத்தடிகளிலும் பாத்திரங்கள் வட்டமாக அமர்ந்து உரையாடும் காட்சி இவ்விளையாட்டிற்கே உரியதாயிற்று. வணிகப் பாத்திரங்கள் தெருவோரம் கடை விரித்து அமர்ந்திருக்கும். சந்தை இரைச்சலும் மரத்தடிப் பேச்சும் நிறைந்த இவ்வுலகு, தோட்டத்துச் சம்பள நாளைக் கண்டறியாத பிள்ளைக்கு அதன் நிழலையேனும் காட்டியது எனலாம்.

இரண்டாவது நயம், உழைப்புக்கு உடனடிக் கணக்கு. ஒரே வகைப் பிராணியை ஆயிரம் முறை வெட்டுதல் அறிவுக்குச் சலிப்பூட்டும் வேலையே. ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் எண் கூடுகிறது; எவரும் அதைக் குறைத்து எழுத இயலாது. பாட்டன் விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு நின்று, அதே நிரையில் அதே மரங்களை முப்பதாண்டு வெட்டினார். அவருக்கு எந்த நிலையும் உயரவில்லை. தோட்டம் கைமாறியபோது குடியிருந்த லயமும் அவருடையதாக இருக்கவில்லை. அவர் பேரன் இவ்விளையாட்டில் ஏன் மயங்கினான் என்பதற்கு விடை இங்கேயும் ஒன்று உண்டு. உழைத்தால் உயரலாம் என்னும் நீதியை அவன் முதன்முதலாகக் கண்கூடாகக் கண்டது கற்பனை உலகில். இதற்காக விளையாட்டைக் குற்றஞ்சாட்டுவது முறையன்று.

குறைகள்

குறைகளுள் சிறியது பெயர்க்கொள்ளை. உலகத்தைத் தாங்கும் இக்டிரசில் என்னும் பெருமரம் இவ்விளையாட்டில் மருந்துச் சரக்காகிவிட்டது. அதன் இலை இறந்தவனை எழுப்பும், கனி வலிமை தரும். துறவிப் பாத்திரத்தின் பேராற்றல், தன் ஆன்ம வலிமை முழுவதையும் ஒரே குத்தில் செலவிடுவது. ஆங்கிலப் பதிப்பில் அதன் பெயர் ‘அசுரா’ அடி. கந்த சஷ்டியில் சூரசம்காரம் காணும் பிள்ளை, அசுரன் என்னும் பெயரை நார்டிக் பெயருடைய கொரிய விளையாட்டில் ஒரு கைக்குத்தாகச் சந்திக்கிறான். பெயர் வந்திருக்கிறது, ஆணவமும் தவமும் வரமும் வீழ்ச்சியுமாகிய பொருள் வரவில்லை. ஓடினுக்கும் இதே கதி. பல நாட்டுத் தெய்வங்களும் இங்கே ஒரே சந்தையில் விலையாகின்றன.

பெரிய குறை வேறு. விளையாட்டின் உச்சமாகிய மறுபிறப்புப் படலத்தில் அது வெளிப்படுகிறது. தொண்ணூற்றொன்பதாம் நிலையை எட்டியவன் யூனோ என்னும் வான்நகர் சென்று, யிமிர் என்னும் ஆதி அரக்கனின் பெயர்கொண்ட நூலைப் படித்து, வல்ஹாலாவை அடைகிறான். பணமும் பொருளும் அனைத்தும் துறந்து வெறுங்கையனாக வரவேண்டும் என்பது விதி. அங்கே வால்கிரி அவனை மீண்டும் தொடக்கநிலையாளனாகப் பிறக்கச் செய்கிறாள்; இம்முறை முன்னினும் மிக்க வலிமையோடு. துறந்து வருதல் என்னும் கருத்து அழகியது. ஆயினும் வல்ஹாலாவின் பொருள் தலைகீழாகிவிட்டது. மூலக்கதையில் அங்குச் செல்ல ஒரே வழி சாவு. அங்குச் சென்றவன் காத்திருப்பது இன்னொரு சாவுக்கு. விளையாட்டில் அங்குச் செல்லும் வழி புள்ளிக் கணக்கு. அங்குச் சென்றவன் பெறுவது இன்னும் பெரிய புள்ளிக் கணக்கு.

இவ்வுலகில் சாவு என்பது சிறிது அனுபவப் புள்ளி இழப்பு, அவ்வளவே. ஊழியின் பெயரைத் தலையில் சூடியிருக்கும் இவ்வுலகிற்கு ஊழி வருவதேயில்லை. வரவும் இயலாது. ஆடுவோர் தொடர்ந்து ஆடினால்தான் நிறுவனத்திற்கு வருவாய். ஆகவே இருபதாண்டுகள் கடந்தும் புதிய ஊர்களும் புதிய பூதங்களும் சேர்ந்தவண்ணம் இருந்தன. முடிவற்றது என்பதனால் இக்கதைக்குப் பொருளும் அமையவில்லை. தோற்போம் எனத் தெரிந்தும் நின்ற ஓடினைப் பற்றி, இதனை ஐந்தாண்டு ஆடிய ஒருவன் ஒன்றும் அறியாமலேயே எழுந்து போகக் கூடும்.

பேராக் கண்ட ஊழி

இக்குறையை எடுத்துக்காட்டுவதற்குக் காரணம் உண்டு. ஆடிய பிள்ளைகளுள் ஒரு பகுதியினர் உண்மையிலேயே ஓர் உலகம் முடிந்தபின் பிறந்தவர்கள். 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டதிலிருந்து தொடங்கி வளர்ந்த தோட்ட உலகு அது. 1950களில் அயல்நாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றுச் செல்ல, வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து தவித்தனர். அவர்களே கூடிப் பணம் போட்டுத் தோட்டங்களை வாங்கும் பொருட்டு, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அலையை முழுவதும் தடுக்க இயலாதெனினும் நின்று எதிர்த்த செயல் அது. பின்னர்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தன. லயங்கள் இடிந்தன. சில இடங்களில் சிறு கோவில் மட்டும் செம்பனைக்கு நடுவே நின்றது.

முடிவு வரும்போது மனிதர் எப்படி நின்றனர் என்னும் கதை இப்பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டிய கதை. அதனைச் சொல்லக்கூடிய ஒரு தொன்மத்தின் பெயரைத் தாங்கி வந்த விளையாட்டு, அதனைச் சொல்லாமல் விட்டது. இதுவே இவ்விளையாட்டின் மீது வைக்கத்தக்க குற்றச்சாட்டு.

ஆயினும் குற்றச்சாட்டில் பாதி தமிழ் கற்பிப்போரையும் சாரும். ஓடினின் கதை இன்றுவரை பிழைத்திருப்பது எவ்வாறு? ஐஸ்லாந்து ஏறத்தாழ கி.பி. 1000இல் கிறித்தவத்தை ஏற்றது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1220ஐ ஒட்டி, கிறித்தவராகிய ஸ்னோரி பழங்கதைகளைத் தொகுத்து எழுதினார். இளங்கவிஞர்க்கான பாடநூல் அது. பொன்னை ஃபிரெய்யாவின் கண்ணீர் என்று குறித்தல் அந்நாட்டுச் செய்யுள் மரபு. தேவியின் கதை அறியாதவனுக்கு அச்சொல் வெற்றொலி. கதை போனால் மொழியும் போகும் என அஞ்சிய ஓர் ஆசிரியர் உள்ளத்தின் விளைவு அந்நூல். பழம்பாடல்களின் தலையாய ஏடு டென்மார்க்கிலிருந்து 1971இல் கப்பலில் திரும்பியபோது, ஐஸ்லாந்து மக்கள் துறைமுகத்தில் திரண்டு நின்று வரவேற்றனர். தமிழிலும் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்து 1894இல் புறநானூற்றை அச்சேற்றியிராவிட்டால், நடுகல்லின் கதை எத்தனை பேருக்கு எட்டியிருக்கும்?

தோட்டத்திற்கும் அத்தகையோர் வேண்டும். அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ முதலாகத் தோட்ட வாழ்வைப் பாடிய நாவல்கள் உள. எனினும் ஒவ்வொரு தோட்டத்துக் காவல் தெய்வத்தின் கதையும், கோவில் எழுந்த கதையும், கடைசி நாளில் லயத்தை விட்டு வண்டியேறிய கதையும் பெரும்பாலும் முதியோர் வாயோடு நிற்கின்றன. பிரட்டு, நிரை, கங்காணி, கிராணி என்னும் சொற்கள் ஈப்போ வகுப்பறையில் இன்று விளக்கம் வேண்டி நிற்கின்றன. கதை எழுதப்படாத இடத்தில் அயலான் கதை வந்து அமர்வது இயற்கை. அயலான் கதையை விரட்டுவதால் தன் கதை பிறந்துவிடாது.

நார்டிக் கதையின் ஊழி, நெருப்போடு முடிவதில்லை. கடலினின்று நிலம் மீண்டும் பசுமையாக எழும். எஞ்சிய கடவுளர் அங்கே கூடுவர். முன்னோர் ஆடிய பொன்னாலான ஆட்டக்காய்கள் புல்லிடையே கிடக்கக் கண்டெடுப்பர். விளையாட்டைப் பற்றியே பேசும் இந்தப் பகுதியைக் கணினி விளையாட்டு பெரிதும் பயன்படுத்தாதது வியப்பே.

தோட்டத்துப் பிள்ளைகள் பல்லாங்குழிக்கும் ஒற்றையா இரட்டையா ஆட்டத்திற்கும் ரப்பர்க் கொட்டைகளைப் பொறுக்கினார்கள். பழந்தோட்டத்து எல்லையில் விடப்பட்ட ஒன்றிரண்டு மரங்களின் கீழ் அக்கொட்டைகள் இன்றும் உதிர்கின்றன. அவற்றைக் குனிந்தெடுத்து, இது எவருடைய ஆட்டக்காய் எனப் பேரனிடம் சொல்லும் வாய்கள் சில இன்னும் உள்ளன. அவை ஓயுமுன் எழுதிக்கொள்வது பேராக் எழுத்தாளரின் கடன்.