செவிவழிப் புதினம்: ஒலிநூலில் கதைசொல்லியின் இடம்

தமிழ் இலக்கியம் கண்ணுக்குரியதாக ஆவதற்கு நெடுங்காலம் முன்பே செவிக்குரியதாக இருந்தது. நூல் இயற்றிய புலவன் அதனை அவையிலே படித்துக் காட்டி அரங்கேற்றினான். வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கும் தனி அதிகாரம் வகுத்தார். கதாகாலட்சேபமும் வில்லுப்பாட்டும் எழுத்தறியாதாரையும் இலக்கியச் சுவைஞராக்கின. இன்று கைப்பேசி வாயிலாக ஒலிநூல்கள் பெருகி வருகின்றன. இவ்வேளையில் ஒரு வினா எழுகிறது: கதையின்பம் கதையில் உள்ளதா, சொல்பவரின் குரலில் உள்ளதா? அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கொண்டு இதனை ஆராய்வோம்.

1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக நிறைந்த புதினம் இது. வாரந்தோறும் ஒருவர் உரக்கப் படிக்க, வீட்டார் சூழ்ந்திருந்து கேட்டதை என் பாட்டியார் சொல்லி அறிந்திருக்கிறேன். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானபின் இப்புதினம் பலரால் ஒலிவடிவு பெற்றது. தனியொருவர் படித்தவை உண்டு. பம்பாய் கண்ணன் அவர்கள் பல குரல் கலைஞர்களைக் கொண்டு நாடகப் பாங்கில் உருவாக்கியதும் உண்டு. நம் நகரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய ஒருவர் இப்பெரும்பணியை மேற்கொண்டமை நமக்குப் பெருமை தருவதாகும்.

இப்புதினத்தில் வந்தியத்தேவனும் நந்தினியும் மட்டும் பாத்திரங்கள் அல்லர். கல்கியும் ஒரு பாத்திரமே. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரைக்கு நம்மை அழைத்துச் செல்பவர் அவர். இடையிடையே நின்று வரலாறு விளக்குவார், நகையாடுவார், மறைக்க வேண்டியதை மறைப்பார். ஆகவே உரையாடல்களுக்கு உயிரூட்டிவிட்டு ஆசிரியர் கூற்றை உணர்ச்சியின்றிப் படித்துச் சென்றால், முதன்மைப் பாத்திரத்தையே இழந்தவராவோம்.

செவியின் சிறப்பு ஒன்றை இங்குக் கருத வேண்டும். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதியாலோசனையை வந்தியத்தேவன் மறைந்திருந்து அறியும் பகுதியை எடுத்துக்கொள்வோம். நூலில் படிக்கும்போது நம் கண் அடுத்த வரிக்கு, ஏன், அடுத்த பக்கத்துக்கே முந்திச் சென்றுவிடும். செவியோ சொல்பவரின் வேகத்திலேயே செல்லக் கடமைப்பட்டது. சொல்பவர் தாழ்ந்த குரலில் ஒரு கணம் நிறுத்தினால், நாமும் இருளில் மறைந்து நின்று கேட்பவராகிறோம். நேரம் மிச்சமாகும் என்று ஒலியின் வேகத்தைக் கூட்டிக் கேட்போர் இழப்பது இந்த இடைவெளியைத்தான்.

பல குரலா, தனிக்குரலா என்பது அடுத்த வினா. ஆழ்வார்க்கடியான் சைவரோடு வாதிடும் இடம் போன்றவற்றில் பல குரல் அமைப்பு நன்கு பொருந்துகிறது. எண்ணற்ற பாத்திரங்களை இனங்காணவும் அது துணைபுரிகிறது. ஆயின் நந்தினியின் நிலை வேறு. அவள் சொல்வது மெய்யா, சூழ்ச்சியா என்று எதிர்நிற்போர் மயங்குவதே கதையின் உயிர்நிலை. குரல் தருபவர் அவள் பேச்சில் வஞ்சத்தைச் சற்று மிகுத்துவிட்டால், ஆசிரியர் மறைத்ததைக் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பின் மயங்கி நிற்பவர்கள் நம் செவிக்குப் பேதையராகத் தோன்றுவர். தனிக்குரலில் படிப்பவரோ சிறு சாயலை மட்டும் காட்டி, எஞ்சியதை நம் கற்பனைக்கு விடுகிறார். வில்லுப்பாட்டிலும் பக்கப்பாட்டுக்காரர் ஆமாம் போட, தலைமைக் கலைஞர் ஒருவரே அரசனாகவும் அன்னையாகவும் மாறுவார். அவர் வேடம் புனைவதில்லை. கேட்போரே மனத்தில் வேடம் புனைந்து கொள்கின்றனர். எனவே புதினத்துக்குத் தனிக்குரலே உகந்தது என்பது என் துணிபு.

இத்துணிபுக்கு நான் வந்த வழியையும் சொல்லுதல் வேண்டும். செம்பூரிலிருந்து கோட்டைப் பகுதிக்கு நாள்தோறும் ரயிலில் சென்றுவரும் மைய அரசு எழுத்தன் நான். கேட்பது சோம்பேறிகளின் படிப்பு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். கண்பார்வை மங்கிய என் தாயாருக்காகவே ஒலிநூலை வீட்டில் ஒலிக்கச் செய்தேன். ஆங்கிலப் பள்ளியில் பயிலும் என் மகள் தமிழ் பேசுவாள், எழுத்து அறியாள். நாலைந்து மாதம் மாலைதோறும் இருவரும் சேர்ந்து கேட்டனர். ஒருநாள் "பழுவேட்டரையர்" என்று அவள் சொன்னபோது, அதுகாறும் அவள் நாவில் ளகரமாகவே ஒலித்த ழகரம் திருத்தமாக ஒலித்தது. "அந்தப் பெயரை எப்படிப்பா எழுதுவது?" என்றும் கேட்டாள். அவ்வொரு பெயரை எழுதக் கற்றிருக்கிறாள். நூலைப் படிக்கும் நாள் இன்னும் வரவில்லை.

இதனால் பெறப்படுவது யாது? தமிழகத்தில் கதைசொல்லி கதையின்பம் தருபவர் மட்டுமே. மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வளரும் பிள்ளைகள் பலருக்கோ அவரே தமிழாசிரியரும் ஆவார். அவர் நா பிறழ்ந்தால் ஒரு தலைமுறையின் நா பிறழும். ஆகவே குரலின் இனிமையை மட்டும் நோக்காது, ஒலிப்பின் திருத்தத்தையும் பொருளறிந்து நிறுத்தும் ஆற்றலையும் கொண்டே ஒலிநூலை மதிப்பிடல் வேண்டும். நம் தமிழ்ச் சங்கங்களும் திங்களுக்கு ஒரு மாலையேனும் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் அவையைக் கூட்டலாம். கேட்ட செவி ஒருநாள் எழுத்தைத் தேடும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.