அக்டோபர் 17: ‘பராசக்தி’யில் நாம் கொண்டாட மறந்த பாதி



1952ஆம் ஆண்டு தீபாவளி, அக்டோபர் 17ஆம் நாள் ‘பராசக்தி’ திரைக்கு வந்தது. ஆண்டுதோறும் அந்தத் தேதி வந்தால் நம் வாட்சாப் குழுக்களில் அதே செய்திகள்தாம் சுற்றும்: சிவாஜி கணேசனின் முதல் படம், கலைஞர் மு. கருணாநிதியின் வசனம், அந்த நீதிமன்றக் காட்சி. எல்லாம் உண்மைதான். ஆனால் இவ்வளவோடு நின்றுவிட்டால் படத்தில் பாதியைத்தான் கொண்டாடுகிறோம் என்பது என் கருத்து.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒருமுறை படிவம் நான்கு மாணவன் ஒருவன் அந்த நீதிமன்ற வசனத்தை என்னிடம் பேசிக் காட்டினான். ஏற்ற இறக்கம், மூச்சு நிறுத்தம், லகர ளகர ழகரம் எல்லாம் பிரமாதம். “சரிப்பா, இவன் ஏன் கோர்ட்டுல நிக்கிறான்?” என்று கேட்டேன். “தெரியாது டீச்சர், வசனம் மட்டும்தான் மனப்பாடம் பண்ணினேன்” என்றான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை. நாம் அப்படித்தானே சொல்லிக்கொடுக்கிறோம்?

கதையைக் கொஞ்சம் பாருங்கள். சந்திரசேகரன், ஞானசேகரன், குணசேகரன் என்ற மூன்று அண்ணன்மார் ரங்கூனில் இருக்கிறார்கள். தங்கை கல்யாணி மதுரையில். அவள் கல்யாணத்துக்குப் புறப்படும்போது போர்க்காலம். கப்பலில் ஒரே ஒரு சீட்டுதான் கிடைக்கிறது. குணசேகரன் மட்டும் கிளம்புகிறான். அந்த ஒரு சீட்டில்தான் குடும்பம் சிதறுகிறது. பின்னால் ஊர் திரும்பும் வழியில் ஞானசேகரன் காலை இழந்து பிச்சையெடுக்கிறான்.

இது வெறும் கற்பனை என்று நினைக்காதீர்கள். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. இலட்சக்கணக்கான இந்தியர்கள் அங்கிருந்து வெளியேறினார்கள். பலர் காடு மலை தாண்டி நடந்தே போனார்கள். வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். நம் தோட்டத்து ஆட்களைச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோனதும் இதே போர்தான். ஆக, தமிழ்நாட்டுப் படம் என்று நாம் கொண்டாடும் இது, கடல் கடந்து வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. நமக்கு நெருக்கமான அந்தப் பகுதியை நினைவுநாள் செய்திகளில் நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்தது, நீதிமன்றம். குணசேகரனுக்கு முன்பே அங்கே நின்று பேசியவள் கல்யாணி. கணவனையும் தந்தையையும் இழந்து, தெருவில் உணவு விற்றுப் பிழைத்து, கடைசியில் பெற்ற பிள்ளையை ஆற்றில் எறிந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவள். அவள் கதையைக் கேட்டு, நீதிபதி இருக்கையில் இருக்கும் சொந்த அண்ணனே மயங்கி விழுகிறார். அந்தப் பேச்சை எந்தப் போட்டியிலாவது ஒரு மாணவி பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

குணசேகரனின் பேச்சு சிறப்பானது, மறுக்கவில்லை. செய்ததை ஒப்புக்கொண்டு தொடங்கி, காரணத்தைச் சொல்லி, குற்றத்தைச் சமுதாயத்தின் பக்கம் திருப்புகிறது. வாதக் கட்டுரைக்கு நல்ல மாதிரி. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. சென்னையில் பணத்தைப் பறிகொடுத்து வந்தவன், ஏழையாக நிற்க வெட்கப்பட்டு, தங்கை பக்கத்திலேயே பைத்தியக்காரனாக நடிக்கிறான். “நான்தான் உன் அண்ணன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? கோர்ட்டில் அத்தனை பேசியவன், பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை. சமுதாயத்தைக் கூண்டில் ஏற்றும் வசனம், அவனுடைய இந்த மௌனத்தை மட்டும் விசாரிக்காமல் விட்டுவிடுகிறது. படத்தின் குறை இதுதான் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் மறுக்கலாம், ஆனால் படத்திலிருந்தே காரணம் காட்டி மறுக்க வேண்டும்.

மாணவர்களே, திறனாய்வுக் கேள்வி வந்தால் “மிகச் சிறந்த படம்”, “காலத்தால் அழியாத காவியம்” என்று பக்கத்தை நிரப்பாதீர்கள். ஒரு காட்சியை எடுங்கள். யார் பேசுகிறார், யார் பேசவில்லை, ஏன் என்று எழுதுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

ஆசிரியர்களே, அடுத்த அக்டோபர் 17க்கு வகுப்பில் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்ப்போமா? முதலில் கல்யாணியின் சாட்சியத்தைப் போட்டுக் காட்டுங்கள். பிறகு குணசேகரன் பேசட்டும். அதன்பின் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி: அண்ணன் முன்னாலேயே வாய் திறந்திருந்தால் இந்த வழக்கு நடந்திருக்குமா?

என் மாணவன் வீட்டில் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வந்து வசனத்தை மறுபடி பேசினான். இந்தத் தடவை தங்கையைப் பற்றிய இடம் வந்ததும் அவன் குரல் தானாக இறங்கியது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.